இரண்டு பிரசங்கங்களும் ஓர் உயிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளிலே பத்தாம் வகுப்பை எட்டுகின்ற மாணவன், பதினைந்து பதினாறு பிராயத்தில், பெரும்பாலும் ரோமாபுரி மன்றத்தில் கிடத்தப்பட்ட ஒரு பிரேதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறான். அங்கே அவன் இரண்டு பிரசங்கங்களைக் கேட்கிறான். முன்னது, கொலை செய்தவர்களில் ஒருவனான புரூட்டஸ் தன் செயலுக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம். பின்னது, கொலையுண்ட சீசரின் நண்பன் ஆன்டனி அந்த நியாயத்தைக் குலைத்துப் போடும் சாமர்த்தியம். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' என்னும் ஒரே நூலைக் கொண்டு துன்பியல் நாடகத்தின் இயல்பையும், கேட்போரைத் தன்வயப்படுத்தும் நாவன்மையின் இயல்பையும் ஒருசேரக் கற்பித்துவிடலாம் என்பது அந்நாட்டு ஆசிரியர்களின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எந்த முறையில் கற்பித்தால் பலிக்கும், எந்த முறையில் கற்பித்தால் விபரீதமாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகம் 1599-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த வைக்கோற்கூரை நாடகசாலை ஒன்றில் சீசரின் கதை நடிக்கப்பட்டதைத் தாம் கண்டதாகவும், முடிவில் நடிகர்கள் அழகாக நடனமாடியதாகவும் தாமஸ் பிளாட்டர் என்னும் சுவிட்சர்லாந்துப் பிரயாணி குறித்து வைத்திருக்கிறார். அச்சில் வந்தது 1623-இல், ஆசிரியர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பிறகு. கதைக்கு மூலம், புளூட்டார்க் கிரேக்க மொழியில் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் நார்த்தின் 1579-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. புரூட்டஸின் கிரேக்கக் கடிதங்களில் சொற்சுருக்கம் மிகுதி என்றும், ஆன்டனி பேசியது ஆடம்பரமான ஆசிய நடை என்றும் புளூட்டார்க் குறித்திருப்பது கொண்டு, அவ்விரு குறிப்புகளே வித்தாக இரண்டு முழுப் பிரசங்கங்களை நாடகாசிரியர் விளைவித்தார் என்று கருதுவதற்கு இடமுண்டு.

அமெரிக்கப் பள்ளிக்குள் இந்நாடகம் நுழைந்த வழி கவனத்துக்குரியது. இலக்கியம் என்பது தனிப்பாடமாக நிலைபெறுவதற்கு முன்னரே, நிமிர்ந்து நின்று, கையசைத்து, குரலை ஏற்றியும் இறக்கியும் ஒப்பிக்கும் பயிற்சி அங்கே நிலைபெற்றிருந்தது. அந்தப் பயிற்சிக்காக ஆன்டனியின் பிரசங்கம் நாடகத்திலிருந்து தனியே நறுக்கி எடுக்கப்பட்டது. பின்னர் 1874-இல் ஹார்வர்டு கல்லூரி தன் நுழைவுத் தேர்வுக்குக் குறித்த ஆங்கில நூல்களில் 'ஜூலியஸ் சீசர்' இடம்பெற்றதும், கல்லூரியை நோக்கி மாணவர்களைத் தயார் செய்த பள்ளிகளுக்கு அது தவிர்க்கமுடியாத பாடமாயிற்று. சிறிய நாடகம், எளிய சொற்கள், பெற்றோர் முகஞ்சுளிக்கும் சிருங்காரம் அதிகமில்லாமை, லத்தீன் வகுப்பில் சீசரின் காலிய யுத்தக் குறிப்புகளைப் படித்த பிள்ளைகளுக்கு அவனது பெயர் முன்பே பழக்கமாயிருந்தமை, குடியரசாகப் பிறந்த ஒரு தேசத்துக்குக் குடியரசொன்றின் மரணத்தைப் பற்றி இயல்பாகவே உள்ள அக்கறை ஆகிய இத்தனையும் அதற்குத் துணை நின்றன. 1980-களின் இறுதியில் ஆர்தர் ஆப்பிள்பீ நடத்திய ஆய்விலும், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மிகுதியாகக் கற்பிக்கப்படும் நூல்களின் முன்வரிசையிலேயே அது இருந்தது.

ஆயினும் முதற்கோணல் அந்த நறுக்கலில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பிரசங்கத்தை நாடகத்திலிருந்து பிரித்தெடுத்தவர்கள், மருந்தை எடுத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டவர்கள். இதற்குச் சரித்திரம் ஒரு பயங்கரமான உதாரணம் தருகிறது. 1864 நவம்பர் 25-ஆம் தேதி, நியூயார்க் நகரின் வின்டர் கார்டன் நாடகசாலையில், மத்தியப் பூங்காவில் ஷேக்ஸ்பியருக்குச் சிலை எழுப்ப நிதி திரட்டுவதற்காகப் பூத் சகோதரர் மூவரும் இதே நாடகத்தை நடித்தனர். எட்வின் புரூட்டஸாகவும், ஜூனியஸ் காசியஸாகவும், ஜான் வில்க்ஸ் பூத் மார்க் ஆன்டனியாகவும் மேடையேறினர். கொலையாளிகளுக்கு எதிராக ஊரையே கொதித்தெழச் செய்யும் அந்தப் பிரசங்கத்தை அன்றிரவு நிகழ்த்திய ஜான், ஐந்து மாதங்களுக்குள், 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி, ஜனாதிபதி லிங்கனைச் சுட்டான். தப்பியோடி ஒளிந்திருந்த நாட்களில், புரூட்டஸுக்குப் புகழ் தந்த செயலுக்காகத் தான் வேட்டையாடப்படுவதாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வருந்தினான். வசனம் நாவில் இருப்பது வேறு, அதன் பொருள் நெஞ்சில் இறங்குவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டியதில்லை.

இனி, இன்றைய வகுப்பறையில் வழங்கும் முறையைப் பார்ப்போம். அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில், கேட்போரை இசையச் செய்யும் வழிகள் மூன்று என்று வகுத்தார்: பேசுபவனின் குணநலத்தால் விளையும் நம்பிக்கை, கேட்பவரின் உள்ளத்தில் எழுப்பப்படும் உணர்ச்சி, பேச்சிலேயே அடங்கிய நியாயம். ஈதாஸ், பாதாஸ், லோகாஸ் என்னும் அந்த மூன்று கிரேக்கச் சொற்களும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று வாய்பாடு போல் மனப்பாடம். பிரசங்கத்தின் பிரதியை முன்னே வைத்துக்கொண்டு, குணத்தைக் காட்டும் இடங்களுக்கு ஒரு வர்ணம், உணர்ச்சிக்கு ஒரு வர்ணம், நியாயத்துக்கு ஒரு வர்ணம் என்று தீட்டிவிட்டால் பாடம் முடிந்தது என்று கருதும் வகுப்புகள் பல. வர்ணம் தீட்டுவதில் தவறில்லை. ஆனால் புரூட்டஸ் நியாயத்தால் பேசினான், ஆன்டனி உணர்ச்சியால் பேசினான், ஆகையால் ஆன்டனி வென்றான் என்ற ஆயத்த முடிவுக்கு அது மாணவனை இட்டுச் செல்லுமாயின், அந்த முடிவு பிழையானது. பிரதியை ஊன்றிப் படித்தால் அதற்கு ஏறக்குறைய நேர்மாறானதே தென்படும்.

புரூட்டஸின் பேச்சு வசனநடையில் அமைந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் எடை போட்டு நிறுத்தியது போன்ற சமநிலை. சீசரை நேசித்ததையும் ரோமாபுரியை நேசித்ததையும் இரு தட்டிலும் வைத்துக் காட்டும் ஒழுங்கு. ஆனால் அந்தத் தராசில் வைக்கப்பட்ட சரக்கு யாது? சீசர் அதிகார ஆசை கொண்டவன் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு சம்பவமேனும், ஒரு சாட்சியேனும் அவன் கூறவில்லை. தன் கௌரவத்தை முன்னிட்டுத் தன்னை நம்புமாறு கேட்கிறான். அதாவது அவன் காட்டும் பிரமாணம் அவனேதான். சீசர் உயிரோடிருந்து எல்லோரும் அடிமைகளாய்ச் சாவதா, சீசர் இறந்து எல்லோரும் சுதந்திரர்களாய் வாழ்வதா என்று இரண்டே வாசல்களைத் திறந்து காட்டி, மூன்றாவது வாசல் இருக்கக்கூடும் என்ற நினைப்பே எழாதபடி மூடிவிடுகிறான். அடிமையாக இருக்க விரும்புமளவு இழிந்தவன் எவனாவது இருந்தால் பேசட்டும் என்று சவால்விட்டு, பதிலுக்காக நிற்கிறான். அத்தகைய கேள்விக்கு எந்த மனிதன் எழுந்து நின்று பதில் சொல்வான்? மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொண்டு அவன் முடித்தவுடன், கூட்டத்தில் ஒருவன் இவனையே சீசராக்கிவிடலாம் என்று கூவுகிறான். சீசர்கள் வேண்டாம் என்பதற்காகச் செய்யப்பட்ட கொலையின் நியாயம் கேட்டவரிடத்தில் எவ்வளவு தூரம் பதிந்தது என்பதை அந்த ஒரு கூக்குரல் அளந்து காட்டிவிடுகிறது.

ஆன்டனியோ, உணர்ச்சியின் அவதாரம் என்று பாடக்குறிப்புகளில் எழுதப்படுபவன், சம்பவங்களோடு வருகிறான். சிறைப்பட்டவர்களின் மீட்புப் பணத்தால் சீசர் பொதுக் கஜானாவை நிரப்பினான். ஏழைகள் அழுதபோது தானும் அழுதான். லூப்பர்க்கல் திருவிழாவில் மூன்று முறை நீட்டப்பட்ட மகுடத்தை மூன்று முறையும் மறுத்தான். இவை மூன்றும் உருவத்தில் பிரமாணங்களே. ஆகவே குணத்தை நம்பிப் பேசியவன் புரூட்டஸ், ஆதாரங்களை அடுக்கிப் பேசியவன் ஆன்டனி என்று சொன்னாலும் மிகையாகாது. இந்த முரணை மாணவன் தானே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுகின்ற ஆசிரியர், வாய்பாட்டைக் கடந்து ஆராய்ச்சியின் வாசலுக்கு அவனைக் கொண்டுவந்து விட்டவராகிறார்.

அடுத்து, ஆன்டனியின் ஆதாரங்களை மாணவன் பரிசோதிக்க வேண்டும். இங்கேதான் நாடகம் முழுமையாகக் கையிலிருப்பதன் அருமை விளங்கும். ஏனெனில் அவன் சொல்பவற்றில் சிலவற்றுக்கு மறுசாட்சியத்தை நாடகாசிரியர் வேறொரு காட்சியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

மகுடத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் அதே நிகழ்ச்சியைக் காஸ்கா விவரிக்கிறான்: மகுடத்தைத் தள்ளியபோதும் சீசரின் விரல்கள் அதை விட மனமில்லாமல் இருந்தன என்பது அவன் சாட்சியம். காஸ்காவும் நடுநிலையாளன் அல்லன், கத்தியெடுத்தவர்களில் ஒருவன். இரு சாட்சிகளும் பட்சபாதமுடையவர்களாயிருக்கும்போது உண்மையை எப்படி நிச்சயிப்பது என்ற கேள்வி, நீதிமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் தேர்தலுக்கும் பொதுவான கேள்வி.

பிறகு அந்த மேலங்கி. பிரசங்கத்தின் நடுவில் ஆன்டனி பீடத்தைவிட்டு இறங்கி, சீசரின் உடலைச் சுற்றி ஜனங்களை வட்டமாக நிற்கச் செய்து, கிழிந்து இரத்தம் தோய்ந்த மேலங்கியை எடுத்துக் காட்டுகிறான். சீசர் அதை முதன்முதலாக அணிந்த கோடை மாலையைத் தான் அறிவதாகவும், நெர்வி என்னும் கூட்டத்தாரை அவன் முறியடித்த தினம் அது என்றும் சொல்கிறான். பின்பு ஒவ்வொரு கிழிசலாகத் தொட்டு, இது காசியஸின் கத்தி புகுந்த வழி, இது காஸ்காவுடையது, இது புரூட்டஸுடையது என்று பெயர் சூட்டுகிறான். கேட்டவர்கள் அழுகிறார்கள், வகுப்பில் இதைப் படிக்கின்ற பிள்ளைகளும் நெகிழ்வதுண்டு. நெகிழ்ந்து முடிந்த பிறகு ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கத்திகள் இறங்கியபோது ஆன்டனி எங்கே இருந்தான்? பிள்ளைகள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுவார்கள். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்திலே, கொலைக்குச் சற்று முன்னர், சதிகாரருள் ஒருவனான டிரெபோனியஸ் அவனைச் சாமர்த்தியமாக வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டது அங்கே கிடைக்கும். கொலையைக் காணாத ஒருவன் எந்தக் கிழிசல் எவனுடையது என்பதை எவ்வாறு அறிவான்? சரித்திரத்தையும் தொட்டுப் பார்க்கலாம்: நெர்விகளுடனான போர் நிகழ்ந்தது கி.மு. 57-இல், ஆன்டனி காலியாவில் சீசரிடம் சேர்ந்ததோ அதற்குச் சில ஆண்டுகள் பின்னர். அந்தக் கோடை மாலையின் நினைவு அவனுடையதாக இருப்பதற்கில்லை. தம் கண்ணீருக்குக் காரணமாயிருந்த விவரம் கற்பனை என்று அறிகின்ற அந்தக் கணத்தில் ஒரு வகுப்பின் மீது கவிகின்ற மௌனம், பத்துப் பாடக்குறிப்புகள் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

இரத்தம் தோய்ந்த ஆடையின் வலிமை ஷேக்ஸ்பியரின் கற்பனை மட்டுமன்று. ரோமாபுரியின் பேச்சுக்கலை ஆசிரியரான குவின்டிலியன், சீசரின் சவ ஊர்வலத்தில் குருதி படிந்த ஆடை முன்னே கொண்டு செல்லப்பட்டதால் மக்கள் வெறிகொண்டதைத் தம் நூலின் ஆறாம் பகுதியில் எடுத்துக்காட்டுகிறார். சொல்லால் ஆகாததைக் கண்முன் காட்டும் பொருள் சாதித்துவிடும் என்பது அவர் மாணவருக்குக் கற்பித்த பாடம். அந்தப் பொருளுக்கு மேல் ஏற்றிச் சொல்லப்படும் கதை பொய்யாயிருக்கலாம் என்பது நாம் நம் மாணவருக்குக் கற்பிக்கவேண்டிய பாடம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொலையாளிகளைப் பழிக்கக் கூடாது என்பதும், அவர்கள் அனுமதியின்பேரில் பேசுவதாகச் சொல்லவேண்டும் என்பதும் புரூட்டஸ் விதித்த நிபந்தனைகள். ஆன்டனி எழுத்தளவில் அவற்றுக்கு அடங்கியே பேச்சைத் தொடங்குகிறான். கொலையாளிகளைக் கௌரவமிக்கவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அச்சொல்லிலிருந்து சிறிது கௌரவம் உதிர்ந்துகொண்டே போகிறது. இறுதியில் அவர்கள் துரோகிகள் என்ற சொல் பிறக்கிறது. ஆனால் அதை முதலில் உரைப்பவன் ஆன்டனியல்லன், கூட்டத்தில் நிற்கின்ற பெயரற்ற ஒரு குடிமகன். அதன் பின்னரே ஆன்டனி அச்சொல்லைத் தன் வாயில் எடுத்துக்கொள்கிறான். பேசுபவன் வாதத்தின் ஓர் அங்கத்தைச் சொல்லாமல் விட்டுவைக்க, கேட்பவன் அதைத் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வதே பேச்சுக்கலையின் உயிர்நிலை என்று அரிஸ்டாட்டில் விளக்கிய தத்துவம் இங்கே நடந்து காட்டப்படுகிறது. தானே கண்டுபிடித்த முடிவு என்று மனிதன் நம்பிவிட்டதை அவனிடமிருந்து பறிப்பது அரிது. மேடை மாறிக் கைபேசித் திரைக்கு வந்துவிட்ட இக்காலத்திலும், பதினைந்து வயதுப் பிள்ளை தற்காத்துக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த வித்தையிடமிருந்தே.

2010-இல் வெளியாகி நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' என்னும் பாடத்தரங்கள், ஆதாரத்தால் நிலைநாட்டும் வாதத்தையும், கேட்பவரின் சுயநலத்தையும் உணர்ச்சியையும் தொட்டு இசையவைக்கும் பேச்சையும் வேறு வேறாகப் பிரித்து, முன்னதற்கே சிறப்பிடம் தந்தன. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் பொய்க்கூற்றையும் போலி நியாயத்தையும் இனங்காண வேண்டும் என்றும் விதித்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் வாழ்க்கையில் வாதமும் வசியமும் பாலும் நீரும் போல் கலந்தே வருகின்றன. அந்தக் கலப்பைப் பிரித்தறியும் பயிற்சிக்கு, இலக்கணமாக எழுதப்பட்ட கட்டுரைகளைவிட, கலந்தே எழுதப்பட்ட இந்நாடகம் தகுதி வாய்ந்தது.

துன்பியல் என்ற பகுதிக்கு வருவோம். தலைப்பில் உள்ளவன் சீசரானாலும், துன்பியல் நாயகன் புரூட்டஸே என்பது பலரும் ஒப்புக்கொண்ட கருத்து. அவனைக் கெடுத்த குறை யாது என்று தேர்வில் கேட்டால், அதீதமான நல்லெண்ணம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொன்ன 'ஹமார்ட்டியா' என்பது ஒழுக்கக் கேட்டைவிடக் கணிப்புப் பிழையையே மிகுதியும் குறிப்பது. குறி தவறிய அம்பு என்று கொள்ளலாம். புரூட்டஸின் அம்பு குறி தவறிய இடம், சபையறிதல். ஆன்டனியைப் பேசவிடாதே என்று சதித்தோழன் காசியஸ் எச்சரிக்கிறான். முதலில் நான் காரணம் சொல்லிவிட்டால் பிறகு எவன் பேசினால் என்ன என்று புரூட்டஸ் அதைத் தள்ளிவிடுகிறான். பேசி முடித்ததும், மற்றவன் பேசுவதைக் கேளுங்கள் என்று ஜனங்களை நிறுத்திவைத்துவிட்டு, தான் மட்டும் போய்விடுகிறான். சபையோர் எல்லோரும் தன்னைப் போன்ற புரூட்டஸ்களே என்று அவன் எண்ணினான்.

அதற்கும் முன்பாக, இரண்டாம் அங்கத்தில், நள்ளிரவுத் தோட்டத்தில் அவன் தனக்குத்தானே நிகழ்த்திக்கொண்ட பிரசங்கம் ஒன்றுண்டு. சீசர் இதுவரை குற்றமொன்றும் செய்யவில்லை என்பதை அங்கே ஒப்புக்கொள்கிறான். ஆயினும் இனிச் செய்யக்கூடும் என்று வைத்துக்கொண்டு, முட்டையிலேயே பாம்பைக் கொல்வதுபோல் கொல்வது நியாயம் என்று வாதத்தை வனைந்துகொள்கிறான். நாடகத்தில் நாவன்மைக்கு முதலில் இரையானவன் புரூட்டஸ்; அவனை வசப்படுத்திய நா அவனுடையதே. இவ்விடத்தில் துன்பியலும் பேச்சுக்கலையும் இரண்டு பாடங்களாக இல்லாமல் ஒன்றாகிவிடுகின்றன. பிறர் நம்மை ஏமாற்றுவதைக் கண்டுகொள்ளப் பயிற்சி நூல்கள் போதும். நாமே நம்மை இணங்கவைத்துக்கொள்வதைக் கண்டுகொள்ளத் துன்பியல் நாடகம் வேண்டும்.

பயனைப் பற்றிய பாடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. பிரசங்கத்தைக் கேட்டுத் தீப்பந்தங்களோடு ஓடிய கூட்டம், அடுத்த காட்சியில் சின்னா என்னும் கவிஞனை வழிமறிக்கிறது. கொலையாளிகளில் ஒருவனுக்கும் அதே பெயர். தான் அந்தச் சின்னா அல்லன், கவிஞன் என்று அவன் கதறுகிறான். அப்படியானால் கெட்ட கவிதை எழுதியதற்காகக் கிழித்தெறியுங்கள் என்று பதில் வருகிறது. மேடையில் பலகாலம் விட்டுவிடப்பட்டு வந்த இச்சிறு காட்சியை, 1937-இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ், பாசிசச் சீருடைகளோடு தாம் அரங்கேற்றிய நாடகத்தின் உச்சமாக்கினார். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மன்றங்கள் நிரம்பி வழிந்த காலமாதலால், பார்வையாளருக்கு அதன் பொருள் விளங்க உரை தேவைப்படவில்லை.

அதற்கடுத்து நான்காம் அங்கம் தொடங்குகிறது. பிரசங்கத்தின் கடைசி அஸ்திரமாக ஆன்டனி வாசித்தது சீசரின் உயில்: ஒவ்வொரு ரோமாபுரிக் குடிமகனுக்கும் 75 திராக்மா நாணயம், டைபர் நதிக்கரைத் தோட்டங்கள் எல்லோருக்கும் பொது. இப்போது ஆன்டனியும் அவன் கூட்டாளிகளான ஆக்டேவியஸும் லெப்பிடஸும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களுக்குப் புள்ளி குத்துகிறார்கள். லெப்பிடஸ் தன் சகோதரனை விட்டுக்கொடுக்கிறான், ஆன்டனி தன் மருமகனை. பிறகு ஆன்டனி, சீசரின் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்துவரும்படி லெப்பிடஸை ஏவுகிறான். எதற்காக? ஜனங்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகையில் எதை வெட்டிக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் எளிது. 1984 முதல் வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகம் ஆசிரியர்களுக்கு நடத்திவந்த பயிற்சிகள் வற்புறுத்துவதுபோல், பிள்ளைகள் நாடகத்தை உட்கார்ந்து கேட்பதைவிட எழுந்து நடிக்கட்டும். பாதிப்பேர் குடிமக்களாக நின்று, எந்தச் சொல்லில் தம் மனம் மாறியது என்று அன்றே குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் அதே குறிப்பை எடுத்து, மாறியதற்கு ஆதாரம் என்ன இருந்தது என்று தாமே எழுதட்டும். காசியஸுக்குப் பேச இடம் தந்திருந்தால் அவன் என்ன பேசியிருப்பான் என்று மூன்றாவது பிரசங்கமொன்றை அவர்கள் இயற்றட்டும். ஆனால் நேரம் போதவில்லையென்று ஆன்டனியின் பேச்சோடு புத்தகத்தை மூடிவிட வேண்டாம். சின்னாவின் காட்சி நாற்பது வரிக்கு உட்பட்டது. உயிலைக் குறைக்கும் காட்சி ஏறக்குறைய ஐம்பது வரி. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு பாடவேளை போதும்.